சபையில் ஒவ்வொரு விசுவாசிக்கும் பங்கு கொடுப்பது எப்படி

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துச் சிறு சபைகள் பலவற்றில் போதகரும் நான்கைந்து பேருமே எல்லாப் பொறுப்பையும் சுமக்க, மற்றவர்கள் ஆராதனைக்கு வந்து ஆமென் சொல்லிவிட்டு வீடு திரும்புகிறார்கள். இதை மாற்ற விரும்பும் மூப்பர்கள் முதலில் ஒரு நோட்டில் சபையார் அனைவரின் பெயரையும், பிள்ளைகளை விட்டுவிடாமல், எழுத வேண்டும். வேதாகமத்தில் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதமான ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் பெரும்பகுதி பெயர்களே. பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியுவும் 22ஆம் வசனத்தில் தன் வாழ்த்தைச் சேர்த்திருக்கிறார்.

அடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் இப்போதே யாரும் கேட்காமல் செய்துவருவதைக் குறியுங்கள். எங்கள் சபையில் ஓர் அம்மா ஞாயிறுதோறும் எல்லாருக்கும் முன்னே வந்து, பாய்களை உதறி விரித்து, குடத்தில் தண்ணீர் நிரப்பி வைப்பார். அவர் காய்ச்சலில் படுத்த வாரம், சுருட்டிய பாய்களுக்கு முன்னால் நாங்கள் விழித்துக்கொண்டு நின்றோம். சபையை ஓர் உடலுக்கு ஒப்பிட்டு, பலவீனமாகத் தோன்றும் அவயவங்களே மிகவும் வேண்டியவை என்று 1 கொரிந்தியர் 12:22 சொல்வது அன்றுதான் எனக்கு உறைத்தது.

பொறுப்பைக் கொடுக்கும்போது, 'கொஞ்சம் உதவி செய்யுங்கள்' என்று பொதுவாகச் சொல்லாமல், இன்ன வேலை, இத்தனை மாதம் என்று முழுமையாக ஒப்படையுங்கள். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் பந்தி விசாரிக்க, அதாவது உணவுப் பந்தியைக் கவனிக்க, தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேர்மேலும் அப்போஸ்தலர்கள் ஜெபம்பண்ணிக் கைகளை வைத்தார்கள். ஆகவே செருப்புகளை ஒழுங்காக அடுக்கும் சிறுவனுக்காகவும் சபை முன்னிலையில் ஜெபியுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்களும், மாம்பழப் பருவத்தில் தோப்பிலும் கூழ் ஆலையிலும் வேலைக்குப் போகிறவர்களும், பெங்களூருவில் கட்டட வேலை செய்பவர்களும் ஞாயிறு காலையில் வர இயலாமல் போகலாம். அவர்களை ஆர்வமற்றவர்கள் என்று எண்ணுவது பெரும் தவறு. வாரநாள் வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்துவதோ, நோயுற்றவருக்குத் தொலைபேசியில் ஜெபிப்பதோ அவர்கள் நேரத்துக்கு ஒத்துவரும்.

இரண்டு வாரம் வராதவர் வீட்டுக்குப் போதகர் மட்டும் போகாமல், அதே தெருவில் இருக்கும் விசுவாசி ஒருவர் போகட்டும். 'ஏன் வரவில்லை?' என்று தொடங்காமல், உடம்பையும் வேலையையும் விசாரித்துவிட்டு, அவர் இல்லாமல் எந்த வேலை நின்றுபோனது என்பதைச் சொல்லுங்கள்.

பாய் விரிக்கும் அம்மா முழங்கால் மடங்காத வயதுக்கு வந்துவிட்டாலும் அவர் பெயரை நோட்டிலிருந்து அடித்துவிடாதீர்கள். அந்த நோட்டையே அவர் கையில் கொடுத்து, நாளுக்கு ஐந்து பெயராகச் சொல்லி ஜெபிக்கக் கேளுங்கள். எழுத்து தெரியாவிட்டால் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கட்டும்.