திருநெல்வேலியிலிருந்து ஒருநாள் கடற்கரைப் பயணம்: முதல்முறை பைக்கில் கிளம்புகிறவர்களுக்கு

நண்பர்களோடு கடற்கரைக்குப் பைக்கில் போகத் திட்டமிடும்போது, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்றுதான் எல்லோரும் முதலில் பேசுவார்கள். நான் வீடு திரும்பும் நேரத்தை முதலில் குறிக்கச் சொல்வேன். மாலை 6 மணிக்குப் பாளையங்கோட்டையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் மற்ற நேரமெல்லாம் அமைந்துவிடும்.

பாதை இதுதான்: திருநெல்வேலி, திருச்செந்தூர், குலசேகரப்பட்டினம் (குலசை), மணப்பாடு, உவரி, கூடங்குளம், கன்னியாகுமரி. திரும்பும்போது வள்ளியூர், நாங்குநேரி வழியாக நான்குவழிச் சாலை. மொத்தம் சுமார் 240 கிலோமீட்டர் வரும். 100, 125 சிசி வண்டிக்கே இது போதும், பெரிய வண்டி வேண்டியதில்லை.

நாளைத் தேர்ந்தெடுங்கள்

தை, மாசி நல்ல மாதங்கள். ஆனி, ஆடியில் மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று காவல்கிணறு பக்கம் வண்டியையே தள்ளும். அந்தப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கே அதுதான் காரணம். புதிதாக ஓட்டுகிறவர்கள் அந்த இரண்டு மாதமும் வேண்டாம். தைப்பூசம், வைகாசி விசாகம், சூரசம்ஹாரம், குலசை தசரா நாட்களில் இந்தச் சாலை பக்தர்களுக்கே உரியது, அப்போதும் வேண்டாம்.

முந்தின நாள் வேலை

டயர் காற்றை வண்டி சூடாகாதபோது பாருங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்குக் கூடுதல் காற்று தேவை. அளவு செயின் கவரிலோ கையேட்டிலோ இருக்கும். செயினுக்கு எண்ணெய், இரண்டு பிரேக், முன்விளக்கு, பின்விளக்கு, டேங்க் நிறையப் பெட்ரோல். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும். பின்னால் இருப்பவருக்கும் ஐஎஸ்ஐ ஹெல்மெட் கட்டாயம். இரவல் ஹெல்மெட் என்றால் முந்தின நாளே போட்டு, கொக்கியை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தலையை ஆட்டும்போது ஹெல்மெட் தனியாக ஆடினால் அது அவருக்குப் பொருந்தாது.

யார் எங்கே போவது

என்னைப் பொறுத்தவரை பயணத்தின் பாதி இதில்தான் இருக்கிறது. வழி தெரிந்தவர் முன்னால். அனுபவம் அதிகம் உள்ளவர் கடைசியில், பஞ்சர் சாமானும் மருந்துப் பெட்டியும் அவரிடம். இருப்பதிலேயே புதியவர் இரண்டாவதாக. அவரைக் கடைசியில் விட்டால், முன்னால் போகிறவர்களைப் பிடிக்க அவர் தன்னால் முடியாத வேகத்தில் விரட்டுவார். குழுவின் வேகத்தை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். மணிக்கு 60 போதும்.

ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். காணவில்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள். திருப்பம் வந்தால், பின்னால் வருகிறவர் உங்களைப் பார்க்கும் வரை ஓரமாக நில்லுங்கள். இதை எல்லோரும் செய்தால் யாரும் வழி தவற மாட்டார்கள், ஓட்டும்போது போனை எடுக்கவும் வேண்டியிராது.

காலை 5 மணி: திருச்செந்தூர் நோக்கி

சுமார் 60 கிலோமீட்டர். சாலை கிழக்கே போவதால் ஆறரைக்கு மேல் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். அதற்குள் குரும்பூர் தாண்டிவிடுவது நல்லது. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று வாழையும் நெல்லும் தாமிரபரணியுமாக வழி குளுமையாக இருக்கும். ஆனால் மார்கழி, தையில் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக்காரர்கள் இருட்டோடு இருட்டாக ஓரத்தில் நடந்து வருவார்கள். அவர்களுக்காகவே இந்தப் பகுதியில் 40க்கு மேல் போகாதீர்கள்.

திருச்செந்தூரில் இட்லி, காபி. வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.

கடலோரச் சாலை: மணலைக் கவனியுங்கள்

குலசை தாண்டியதும் இடப்பக்கம் கடல் வரும், வலப்பக்கம் பனங்காடு. கண் கடலுக்குப் போகும்போதுதான் சாலையில் மணல் இருக்கும். பெரியதாழைப் பக்கம் ஒரு வளைவில் என் நண்பன் மணலைப் பார்த்த பதற்றத்தில் முன் பிரேக்கைப் பிடித்தான். வண்டி அந்த இடத்திலேயே படுத்துவிட்டது. முழங்கை சிராய்ப்போடு போனது, அன்று நாங்கள் மெதுவாகப் போனதால்தான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். மணலுக்குள் போன பிறகு பிரேக்கையும் ஹேண்டில்பாரையும் சட்டென்று அசைக்காமல், ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்துக் கடந்துவிடுங்கள்.

மணப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கடலுக்குள் நீண்ட மணல்மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. 1542இல் முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கடலோரத்துக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை அதன் கீழே இருக்கிறது. மேட்டில் நின்று பார்த்தால் ஒருபக்கம் அலையடிக்கும் கடல், மறுபக்கம் வளைந்து கிடக்கும் கரையும் ஊரும் படகுகளும். எத்தனை முறை போனாலும் எனக்கு அந்த இடத்தை விட்டு வர மனம் வராது.

உவரியில் ஒரு முடிவு

இங்கே எல்லோரையும் இறக்கி, கை வலிக்கிறதா, முதுகு எப்படி என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். ஒருவர் தயங்கினாலும் கன்னியாகுமரியை விட்டுவிட்டு திசையன்விளை, இட்டமொழி, மூலைக்கரைப்பட்டி வழியாகத் திரும்புங்கள். இறங்கிக் கேட்காவிட்டால் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். பதநீர் காலமென்றால் இந்தப் பக்கம் குடித்துவிட்டுப் போகலாம்.

எல்லோரும் சரியென்றால் நவ்வலடி, கூடங்குளம், அஞ்சுகிராமம் தாண்டி மதியம் கன்னியாகுமரி. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் படகு வரிசை நேரத்தைத் தின்றுவிடும், அதற்கு இன்னொரு நாள் போங்கள். மீன் சாப்பாடு, பிறகு நிழலில் முக்கால் மணி நேரம் தூக்கம்.

கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். இங்கே காற்றே இல்லாமலும் அலை பொங்கும், மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் இதே மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டது. கடல் எச்சரிக்கை இருந்த சமயம் அது. கிளம்பும் முன் இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) எச்சரிக்கையைப் பாருங்கள், கரையில் மீனவர்கள் வேண்டாமென்றால் திரும்பிவிடுங்கள்.

மூன்றரைக்குக் கிளம்புங்கள்

அஸ்தமனம் பார்த்துவிட்டுப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். பார்த்தால் 85 கிலோமீட்டரும் இருட்டில், களைப்போடு, லாரிகளுக்கு நடுவில். சம்மதிக்காதீர்கள்.

மேற்குக் காற்று வீசும் நாளென்றால், வடக்கே வரும்போது அது இடப்பக்கத்திலிருந்து அடிக்கும். லாரியை முந்தும்போது லாரி காற்றை மறைக்கும், தாண்டிய நொடியில் காற்று மொத்தமாக வந்து மோதும். அதை எதிர்பார்த்து, இரண்டு முழங்காலாலும் டேங்க்கை அணைத்து, கைகளைத் தளர்வாக வைத்திருங்கள். வள்ளியூரில் டீக்கு நிறுத்துங்கள். கண் சொக்கினால் ஓட்டுகிறவரை மாற்றுங்கள், மாற்று ஆளுக்கு லைசென்ஸ் இருந்தால் மட்டும்.

வீடு சேர்ந்ததும் ஒவ்வொருவரும் குழுவில் ஒரு செய்தி போட வேண்டும். கடைசிச் செய்தி வரும்வரை நான் சட்டை மாற்ற மாட்டேன். மறுநாள் காலை வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்துக் காயவிட்டு எண்ணெய் போடுங்கள். உப்புக்காற்று பட்ட செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும்.