லேசர் ஒளிர்வைக் கொண்டு வாய்ப் புண்ணைச் சோதிக்கும் முறை

வாயின் சளிச்சவ்வில் 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா லேசர் ஒளி படும்போது, அங்குள்ள கொலாஜன், ஃபிளேவின் முதலிய மூலக்கூறுகள் அதை உறிஞ்சி, அலைநீளம் கூடிய பச்சை ஒளியை உமிழ்கின்றன. புற்றுநோயை நோக்கி மாறிவரும் இடத்தில் மேற்படலம் தடித்து, அடியிலுள்ள கொலாஜன் பிணைப்புகள் சிதைந்து, இரத்த நாளங்களும் பெருகுவதால், அந்தப் பச்சை மங்குகிறது. நாம் அளக்கப்போவது இந்த மங்கலைத்தான்.

குறைந்த திறனுள்ள லேசர், ஒளியிழைக் கற்றை, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி ஆகியவற்றோடு, லேசரின் அலைநீளத்தை மட்டும் தடுக்கும் வடிகட்டியும் தேவை. வடிகட்டி இல்லையென்றால், சிதறித் திரும்பும் லேசர் ஒளி திசுவின் மெல்லிய ஒளிர்வை மூழ்கடித்துவிடும். நோயாளியும் பரிசோதிப்பவரும் உரிய பாதுகாப்புக் கண்ணாடியை அணிந்த பின்னரே லேசரை இயக்க வேண்டும்.

அறை விளக்குகளை அணைத்து, லேசரை இயக்காமல் ஒரு பின்னணி அளவீட்டை எடுத்து, அடுத்து வரும் எல்லா அளவீடுகளிலிருந்தும் அதைக் கழித்துவிடுங்கள். நோயாளி வாயை நன்றாகக் கொப்பளித்திருக்க வேண்டும்; ஏனெனில், பல் படிவிலும் நாக்கிலும் வாழும் பாக்டீரியாக்களின் போர்ஃபைரின் என்னும் நிறமிகள் 635 நானோமீட்டருக்கு அருகில் சிவப்பாக ஒளிர்ந்து, கட்டியின் அடையாளம்போலத் தோற்றமளிக்கக்கூடும். இழையின் நுனியைத் திசுவுக்குச் செங்குத்தாக, தொடும் அளவுக்கு மட்டும் வையுங்கள். அழுத்தினால் அவ்விடத்து இரத்தம் விலகி, நிறமாலையின் வடிவமே மாறிவிடும்.

புண்ணை அளப்பதற்கு முன் ஆரோக்கியமான இடத்தை அளப்பதே இம்முறையின் உயிர்நாடி என்பது என் கருத்து. ஒருவருடைய திசு இன்னொருவருடையதைப் போல் ஒளிர்வதில்லை. ஒரே வாயிலும் நாக்கும் கன்னமும் ஈறும் வேறுபடுகின்றன. ஆகவே இடக் கன்னத்தில் புண் இருந்தால், வலக் கன்னத்தில் அதற்கு நேரான இடத்தை அதே திறனில், அதே நேர அளவில் பலமுறை அளந்து, அதன் சராசரியோடு புண்ணின் அளவீட்டை ஒப்பிட வேண்டும். மொத்த ஒளிச்செறிவு இழையின் தொலைவுக்கேற்ப மாறும் என்பதால், சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தையும் கணக்கிடுங்கள்; பச்சை மங்கினால் அது உயரும்.

பச்சை மங்கிய இடமெல்லாம் புற்றுநோய் அல்ல. சாதாரண அழற்சியிலும் இரத்தம் மிகுந்து, ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் இதே மங்கல் தோன்றும்; அப்போது 540, 577 நானோமீட்டர் அருகே நிறமாலையில் பள்ளங்கள் தெரியும். கூரான பல்லோ பொருந்தாத பல்செட்டோ உராய்வது காரணமாயின், அதைச் சரிசெய்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் அளக்கலாம்.

அதன் பிறகும் மங்கல் நீடித்தால், மிகவும் மங்கிய பகுதியிலிருந்தே பயாப்சிக்கு, அதாவது நுண்ணோக்கிச் சோதனைக்கு, திசுவை எடுக்கச் சொல்லுங்கள். ஒளிர்வு இயல்பாக இருந்தாலும், கண்ணுக்கோ விரலுக்கோ சந்தேகம் தரும் புண்ணுக்குப் பயாப்சியைத் தவிர்க்கவே கூடாது.