"பாதி ஆட்கள் போதும்" என்பவரிடம் கேட்க வேண்டியவை

ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருளை விற்க வருபவர் "இனிப் பாதி ஆட்கள் போதும்" என்று சொன்னால், விலையைக் கேட்பதற்கு முன்பு, அந்தக் கணக்கை யார், எந்த வேலையில், எத்தனை நாள் அளந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். பயன்படுத்தியவர்களின் உணர்வை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். 2025-இல் மீட்டர் (METR) என்னும் ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 மென்பொருள் வல்லுநர்களை அவர்கள் நன்கறிந்த நிரல்களிலேயே செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோடு வேலை செய்யவைத்துச் சோதித்தபோது, வேலை 20 விழுக்காடு விரைவாக முடிந்ததாக அவர்கள் நம்பினார்கள். உண்மையில் 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்திருந்தது.

ஆகவே உங்கள் அலுவலகத்திலேயே அளந்து பாருங்கள். வாடிக்கையாளர் புகார்கள் ஐம்பதைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கருவியின் துணையோடும் மறுபாதிக்கு அது இல்லாமலும் பதில் எழுதச் சொல்லுங்கள். கருவி எழுதியதைப் படித்துத் திருத்தும் நேரத்தையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கணக்குகள் பிசகுவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

பிழைக்கு யார் பொறுப்பு என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். துக்க நிகழ்வுக்கான கட்டணச் சலுகை பற்றி ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடல் மென்பொருள் தவறான தகவல் தந்த வழக்கில், அந்த மென்பொருளே தன் செயலுக்குப் பொறுப்பு என்ற வாதத்தை 2024-இல் கனடாவின் தீர்ப்பாயம் ஒன்று ஏற்கவில்லை. இழப்பீட்டை நிறுவனமே கொடுக்க நேர்ந்தது.

சோதனை முடியும் வரை ஒருவரையும் வேலையிலிருந்து நீக்காதீர்கள்.