விம்மில் விண்டோ அளவை மாற்ற ஒவ்வொரு கட்டமாக நகர்த்த வேண்டாம்

விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் திரையைப் பிரித்துவிட்டு, விண்டோவைக் கொஞ்சம் அகலமாக்க கண்ட்ரோல்-டபிள்யூ, > என்று பத்துப் பதினைந்து தடவை தட்டுகிறவர்கள் நிறையப் பேர். தேவையே இல்லை. எண்ணை முதலில் அடியுங்கள்: 15, அப்புறம் கண்ட்ரோல்-டபிள்யூ, அப்புறம் >. ஒரே தட்டில் 15 கட்டம் (ஒரு கட்டம் என்றால் ஒரு எழுத்தின் இடம்) அகலமாகிவிடும். குறைக்க <, உயரத்துக்கு + மற்றும் -.

இதில் பலர் குழம்புவது ஓரிடத்தில்தான். > என்றால் நடுக்கோடு வலப்பக்கம் நகரும் என்று நினைக்கிறார்கள், அப்படியில்லை, கர்சர் எந்த விண்டோவில் இருக்கிறதோ அது பெரிதாகும், அவ்வளவே. வலப்பக்க விண்டோவில் நின்று அடித்தால் கோடு இடப்பக்கம்தான் போகும்.

நான் அதிகம் பயன்படுத்துவது வேறு மூன்று: கண்ட்ரோல்-டபிள்யூ அடித்து | போட்டால் முழு அகலம், _ போட்டால் முழு உயரம், = போட்டால் எல்லாம் பழையபடி சமம். ஒரு ஃபைலை மட்டும் பெரிதாக்கிப் படித்துவிட்டுத் திரும்ப இது போதும்.

துல்லியமான அளவு வேண்டுமென்றால் : போட்டு ரீசைஸ் 20 என்று அடித்தால் உயரம் 20 வரி. அகலத்துக்கு வெர்டிக்கல் ரீசைஸ் 80. ஆனால் வரி எண்கள் காட்டும்படி வைத்திருந்தால் அவையே குறைந்தது 4 கட்டத்தைத் தின்றுவிடும், அதனால் 80 எழுத்து முழுசாகத் தெரிய 84 கொடுங்கள்.

சரி, இவ்வளவு பார்த்துப் பார்த்து அமைத்த பிறகு ஏதோ ஒரு விண்டோவை மூடினால் எல்லாம் மறுபடி சமமாகிவிடுகிறதா? ஈக்வல்ஆல்வேஸ் என்ற செட்டிங் இயல்பாகவே ஆனில் இருப்பதுதான் காரணம். விம்ஆர்சி என்ற செட்டிங் ஃபைலில் செட் நோஈக்வல்ஆல்வேஸ் என்று எழுதி அணைத்துவிடலாம். ஒரே ஒரு விண்டோவின் உயரம் மட்டும் மாறாமல் இருந்தால் போதும் என்றால் அங்கே போய் செட்லோக்கல் வின்ஃபிக்ஸ்ஹைட் கொடுங்கள், இதுதான் நல்ல வழி என்பேன். அகலத்துக்கு வின்ஃபிக்ஸ்விட்த்.

பிரவுசருக்குள் டெர்மினல் திறந்து வேலை செய்பவர்கள் கவனம்: விண்டோஸிலும் லினக்ஸிலும் கண்ட்ரோல்-டபிள்யூ அடித்தால் பெரும்பாலும் அந்த டேபே மூடிக்கொள்ளும். அங்கே : போட்டு 15வின்சிஎம்டி > என்று அடித்தால் அதே வேலை நடக்கும்.