பண்டிகை நாளில் மறுஒளிபரப்புக்குப் பதிலாகச் சிறப்பு நிகழ்ச்சிகளை அமைப்பது எப்படி?

தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்களின் வார அட்டவணையில் கணிசமான பகுதி, முன்பே ஒளிபரப்பான எபிசோடுகளால் நிரம்பியிருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சிறப்பு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் அமர்கின்றன. ஆகவே எதைப் புதிதாக வைப்பது என்று யோசிப்பதற்கு முன், எந்த மறுஒளிபரப்பை நீக்கலாம் என்பதை முடிவு செய்ய வேண்டும்.

நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வருபவை நேரத்தை நிரப்புவதற்கானவை. அவற்றை எடுத்தால் யாரும் தேடப்போவதில்லை என்றாலும், பெரும் செலவில் எடுத்த நிகழ்ச்சியை அங்கே வைப்பதும் வீண். பிற்பகலில் வரும் முந்தைய இரவுத் தொடரின் மறுஒளிபரப்போ அப்படிப்பட்டதன்று. இரவு வேலைக்குச் சென்றவர்களும் அடுக்களையில் இருந்தவர்களும் கதையை விட்டுவிடாமல் தொடர்வது அதனால்தான் என்பதால், அதை எடுக்கும் நாளில் அந்த எபிசோடைக் காலையிலாவது ஒருமுறை போட்டுவிட வேண்டும். பழையது என்பதாலேயே ஒரு நிகழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2020 ஊரடங்கின்போது, 1980களில் வந்த 'ராமாயண்' தொடரைத் தூர்தர்ஷன் மீண்டும் ஒளிபரப்பியதும் நாடெங்கும் வீடுகள் அதன் முன் கூடியதை நாம் பார்த்தோம்.

அடுத்தது, அந்தப் பண்டிகையன்று வீடு எப்படி இயங்குகிறது என்பதைக் கவனிப்பது. என் பார்வையில் இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். தீபாவளியன்று விடியுமுன்பே எண்ணெய்க் குளியல் முடிந்துவிடுவதால், பலகாரமும் சிற்றுண்டியும் ஆன பிறகு குடும்பம் முழுவதும் கூடத்தில் உட்காருகிறது. சாலமன் பாப்பையா தலைமையிலான பட்டிமன்றம் காலை நேரத்தில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். பொங்கலன்று பானை வைக்கும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த நேரத்தில் கண்கொட்டாமல் பார்க்க வேண்டிய நிகழ்ச்சியை வைத்தால், வீட்டில் பாதிப் பேர் அடுப்பருகே நிற்பார்கள். காணும் பொங்கலன்று பலரும் கடற்கரைக்கும் உறவினர் வீட்டுக்கும் போய்விடுவதால், புதுப் படத்தைப் பகலில் போடாமல் இரவுக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

படத்துக்கான நேரத்தைக் காகிதத்தில் கணக்கிட்டுப் பாருங்கள். கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 10 நிமிடத்துக்கும் சேனலின் சொந்த முன்னோட்டம் 2 நிமிடத்துக்கும் மேற்படக் கூடாது. மீதி 48 நிமிடங்களே படத்துக்கு. 160 நிமிடப் படம் அப்படியானால் 3 மணி 20 நிமிடம் ஓடும், மாலை 6.30க்குத் தொடங்கினால் முடிய 9.50 ஆகிவிடும். அதாவது 7 மணி முதல் 9.30 வரையுள்ள தொடர்கள் அனைத்தும் அன்று நின்றுபோகும். அதற்கு மனமில்லையென்றால் படத்தைப் பிற்பகல் 2.30க்கு நகர்த்துங்கள், மறுஒளிபரப்பு நேரம் மட்டும் போகும், 5.50க்குப் படமும் முடிந்துவிடும். எஞ்சும் பத்து நிமிடத்தில் இரவுத் தொடர்களின் முன்னோட்டங்களை விதிக்கு உட்பட்ட அளவிலும், நட்சத்திரங்களின் வாழ்த்துத் துணுக்குகளையும் வைக்கலாம். 'ஏ' சான்றிதழ் பெற்ற படமாயின், தொலைக்காட்சிக்கென மறுசான்றிதழ் கைக்கு வராமல் அட்டவணையில் எழுதவே கூடாது.

பண்டிகை எந்தக் கிழமையில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பண்டிகை ஞாயிறன்று வந்தால், வழக்கமாகவே அன்று படம் இருக்கும் என்பதால் சிறப்பு நிகழ்ச்சியால் கூடும் பயன் குறைவு. எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கிடும் பார்க் (BARC) அமைப்பின் அளவீட்டு வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிவதால், வெள்ளியும் சனியுமாக வரும் விடுமுறையின் பலன் இரண்டு வாரங்களுக்குப் பிரிந்துவிடும். பெரிய படத்தை எந்த வாரத்தில் சேர்ப்பது என்பதை விளம்பரப் பிரிவோடு பேசி முடிவெடுங்கள்.

முன்னோட்டத்தில் நேரத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். நிற்கப்போகும் தொடரின் நேயர்களுக்கு, அது மீண்டும் எந்த நாளில் வரும் என்பதை அந்தத் தொடரின் இடைவேளையிலேயே அறிவித்துவிடுங்கள். தலைவர் ஒருவரின் மறைவு போன்ற சூழலில் கொண்டாட்ட நிகழ்ச்சிகளை உடனே நிறுத்த நேரும் என்பதால், அமைதியான இசை நிகழ்ச்சியோ பக்தி நிகழ்ச்சியோ கட்டுப்பாட்டு அறையில் ஆயத்தமாக இருக்கட்டும். பட்டிமன்றத்தை அடுத்து வரும் ஞாயிறு காலையில் மறுஒளிபரப்பாக வைக்க விரும்பினால், அதற்கான உரிமையையும் ஸ்பான்சர் ஒப்பந்தத்தையும் முதல் ஒளிபரப்புக்கு முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும்.