‘யூஸ்டு டு’ எங்கே வரும், எங்கே வராது?

“காலை ஐந்து மணிக்கு எழுவது என் வழக்கம்” என்று சொல்ல நினைத்து ‘ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபைவ்’ என்பவர்கள் நிறையப் பேர். கேட்பவருக்குப் போய்ச் சேர்வதோ நேர் எதிர்ப் பொருள்: முன்பு எழுவார், இப்போது எழுவதில்லை. இன்றும் தொடரும் பழக்கத்துக்கு ‘ஐ கெட் அப் அட் ஃபைவ்’ என்ற சாதாரண நிகழ்காலமே போதும். வேண்டுமானால் ‘யூஷுவலி’ சேர்த்துக்கொள்ளலாம்.

விட்டுப்போன பழக்கத்துக்கும் மாறிப்போன நிலைக்கும்தான் ‘யூஸ்டு டு’. பின்னால் வினைச்சொல் எந்த ஒட்டும் இல்லாமல் வரவேண்டும்: ‘ஷி யூஸ்டு டு ஸிங்’. இதையே தமிழில் “அப்போதெல்லாம் பாடுவாள்” என்கிறோம். பழைய வழக்கத்தைச் சொல்லும்போதும் நம் வினை எதிர்கால உருவில் நிற்பதால், ஆங்கிலத்தில் ‘இன் தோஸ் டேஸ் ஷி வில் ஸிங்’ என்று வாய் தவறிவிடுகிறது. அங்கே ‘வில்’ பொருந்தாது, ‘வுட்’ பொருந்தும். ஆனால் ‘வுட்’ திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கு மட்டும்தான். “இங்கே முன்பு ஒரு மரம் இருந்தது” என்பது செயல் அல்ல, நிலை. அதற்கு ‘தேர் யூஸ்டு டு பி எ ட்ரீ ஹியர்’ என்றுதான் சொல்லவேண்டும்.

மொத்தம் எத்தனை ஆண்டு, மொத்தம் எத்தனை முறை என்று கணக்குச் சொன்னால் ‘யூஸ்டு டு’, ‘வுட்’ இரண்டையும் விட்டுவிடுங்கள். ‘ஐ யூஸ்டு டு லிவ் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ தவறு. ‘ஐ லிவ்டு தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ சரி.

கேள்வியிலும் மறுப்பிலும் ‘டிட்’ வந்துவிடுவதால் ‘யூஸ்டு’ என்பதன் கடைசி ‘டி’ எழுத்து உதிரும்: ‘டிட் யூ யூஸ் டு ஸ்விம்?’, ‘ஐ டிடின்ட் யூஸ் டு லைக் காஃபி’. பேசும்போது இரண்டும் ஒன்றுபோலவே ஒலிப்பதால் காது காட்டிக்கொடுக்காது, எழுதும்போதுதான் மாட்டிக்கொள்வோம்.

இனி, முன்னால் ‘ஆம்’, ‘இஸ்’, ‘வாஸ்’ போன்ற ஒன்று வந்தால் கதையே வேறு. ‘ஐ ஆம் யூஸ்டு டு தி நாய்ஸ்’ என்றால் “இந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டேன்”. இங்குள்ள ‘டு’ நம் ‘கு’ உருபின் வேலையைச் செய்கிறது. அதனால் பின்னால் பெயர்ச்சொல் வரவேண்டும். வினை வந்தால் ‘இங்’ சேர்ந்து வரவேண்டும்: ‘ஐ ஆம் யூஸ்டு டு ஒர்க்கிங் அட் நைட்’. சந்தேகம் வந்தால் ‘டு’வுக்குப் பின் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஐ ஆம் யூஸ்டு டு இட்’ என்று வாக்கியம் முடிந்து பொருளும் கெடாமல் இருந்தால், அந்த இடத்தில் ‘இங்’ வடிவம்தான். காலத்தைக் காட்டுவது முன்னால் உள்ள சொல்லே என்பதால் கடந்த காலத்துக்கு ‘வாஸ் யூஸ்டு டு’. இன்னும் பழகி முடியவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன் என்றால் ‘ஐ ஆம் கெட்டிங் யூஸ்டு டு இட்’.

‘இங்’கை விட்டுவிட்டு ‘ஐ ஆம் யூஸ்டு டு டிரைவ்’ என்றால் வண்டி ஓட்ட உங்களை யாரோ கருவியாகப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆகிவிடும். காரணம், ‘பயன்படுத்தப்படுகிறது’ என்ற பொருளிலும் இதே சொற்கள் வரும்: ‘திஸ் நைஃப் இஸ் யூஸ்டு டு கட் பேப்பர்’. எழுவாய் பெரும்பாலும் ஒரு பொருளாக இருக்கும்; பின்னால் வெறும் வினை. எழுத்தில் வேறுபாடு இல்லை, உச்சரிப்பில் உண்டு. முதல் இரண்டு பயன்பாட்டிலும் நடு எழுத்து ‘பஸ்’ என்பதில் வரும் வெறும் காற்றொலி. கத்தி வாக்கியத்தில் அதுவே தேனீயின் ரீங்காரம்போல் தொண்டை அதிர ஒலிக்கும். விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ‘ஹி இஸ் யூஸ்டு டு கட்டிங் பேப்பர்’, ‘இட் இஸ் யூஸ்டு டு கட் பேப்பர்’ என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள்; ‘யூ’வைத் தாண்டியும் அதிர்வு தொடர்வது இரண்டாவதில் மட்டும்தான்.