நாள் முன்னால் வந்தால் மூன்று பெருக்கல், பின்னால் வந்தால் ஒன்று: கம்பைலர் மரத்தைத் திருத்தும் கதை

பைத்தானில் இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள். பைத்தான் 3 தமிழிலேயே மாறிக்குப் பெயர் வைக்க விடும் என்பதால் அப்படியே தட்டச்சு செய்து பார்க்கலாம்.

    24 * 60 * 60 * நாள்
    நாள் * 24 * 60 * 60

இத்தனை நாளுக்கு எத்தனை நொடி என்ற கணக்கு. பள்ளிக்கூடத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடுவார்கள். ஆனால் ஓடும்போது முதல் வரிக்கு ஒரே ஒரு பெருக்கல்தான் நடக்கும், இரண்டாவதுக்கு மூன்று. முதன்முதலில் இதைப் பார்த்தபோது கம்பைலருக்கு (நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருளுக்கு) என்ன ஓரவஞ்சனை என்றுதான் நினைத்தேன். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கணினி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: மரத்தை வரையுங்கள்

நாம் எழுதும் வரியைக் கம்பைலர் முதலில் சொற்களாக உடைக்கும். பிறகு பார்சர் அந்தச் சொற்களை ஒரு மரமாக அடுக்கும். அடைப்புக்குறி இல்லாத பெருக்கல் இடமிருந்து வலமாகச் சேரும். ஆகவே முதல் வரியின் மரம் இப்படி:

              *
            /   \
           *    நாள்
         /   \
        *     60
      /   \
    24     60

இரண்டாவது வரி:

              *
            /   \
           *     60
         /   \
        *     60
      /   \
   நாள்    24

மரம் தலைகீழாக வளரும். வேர் மேலே, இலைகள் கீழே. ஒவ்வொரு புள்ளியையும் கணு என்போம். இலைக் கணுவில் எண்ணோ மாறியோ இருக்கும், மற்றவற்றில் * போன்ற குறி இருக்கும். இரண்டு படங்களிலும் 'நாள்' எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் உச்சிக்குப் பக்கத்தில், இரண்டாவதில் அடிமட்டத்தில்.

இந்த மரத்தைப் பார்த்து, ஓடவேண்டிய நிரலை நேரடியாகவே எழுதிவிடலாம்தான். பெரும்பாலான கம்பைலர்கள் அப்படிச் செய்வதில்லை. நடுவில் ஒரு முறையோ பல முறையோ மரத்தின் மேல் நடந்து, அங்கங்கே வெட்டி ஒட்டி, வேறொரு மரமாக்கிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகின்றன.

படி 2: ஒரே ஒரு விதி எழுதுங்கள்

எல்லாரும் தொடங்கும் விதி இதுதான்: ஒரு குறியின் இரண்டு பக்கமும் எண்ணாக இருந்தால், கணக்கை இப்போதே போட்டுவிட்டு விடையை அந்த இடத்தில் வை. கான்ஸ்டன்ட் ஃபோல்டிங் என்று இதற்குப் பெயர். போலி நிரலாக எழுதினால்:

    திருத்து(கணு):
        கணு ஓர் இலை என்றால்:
            கணுவையே திருப்பிக் கொடு
        இடது = திருத்து(கணு.இடது)
        வலது = திருத்து(கணு.வலது)
        இடது, வலது இரண்டும் எண் என்றால்:
            விடையைப் புதிய எண் கணுவாகக் கொடு
        இல்லையென்றால்:
            அதே குறியோடு, புதிய இடது வலதோடு, புதிய கணு கொடு

நடுவில் இருக்கும் இரண்டு வரிகளைக் கவனியுங்கள். தன்னைத் திருத்தும் முன் பிள்ளைகளைத் திருத்துகிறது. இந்த வரிசையை மாற்றினால் விதி பாதியில் நின்றுவிடும். மேலிருந்து பார்த்தால் உச்சிக் கணுவின் இடது பக்கம் இன்னும் ஒரு பெருக்கலாகவே தெரியும், எண்ணாகத் தெரியாது. கீழே 24 * 60 என்பது 1440 ஆகி, அதற்கு மேலே 1440 * 60 என்பது 86400 ஆகி, அலை போல மேலே வந்தால்தான் வேலை முடியும்.

முதல் மரத்தில் விரல் வைத்து நடந்து பாருங்கள். கடைசியில் மிஞ்சுவது:

        *
      /   \
   86400  நாள்

இரண்டாவது மரத்தில் அடிமட்டத்திலேயே 'நாள்' இருக்கிறது. அது எண் இல்லை. அதனால் அந்தக் கணு எண்ணாகாது, அதற்கு மேலுள்ளதும் ஆகாது, உச்சியும் ஆகாது. ஓரவஞ்சனை இல்லை, மரத்தின் வடிவம்தான். பைத்தானில் நொடிக்கணக்கு எழுதும்போது எண்களை முன்னால் போடுங்கள், அல்லது அவற்றைச் சுற்றி ஓர் அடைப்புக்குறி போடுங்கள்.

படி 3: "அதையும் கம்பைலரே மாற்றி அடுக்கக் கூடாதா?"

அடுத்து வரும் கேள்வி இது. பெருக்கலை எப்படிச் சேர்த்தாலும் விடை ஒன்றுதானே?

கணினியில் அப்படி இல்லை. கூட்டலிலேயே பார்க்கலாம்:

    (0.1 + 0.2) + 0.3   →   0.6000000000000001
    0.1 + (0.2 + 0.3)   →   0.6

தசம எண்கள் ஒவ்வொரு படியிலும் லேசாகச் சுருட்டப்படுகின்றன (ரவுண்டிங்). சேர்க்கும் வரிசை மாறினால் சுருட்டும் இடமும் மாறும். பைத்தான் கம்பைலருக்கு 'நாள்' முழு எண்ணா, தசமமா, யாரோ எழுதிய அணி வகையா என்று தெரியாது. தெரியாதபோது தொடாமல் விடுவதுதான் மரியாதை. சி மொழியில் அதை முழு எண் என்று அறிவித்திருந்தால் ஜிசிசி, கிளாங் என்ற சி கம்பைலர்கள் இரண்டுமே மூன்று பெருக்கலையும் 86400 ஆகச் சுருக்கிவிடும். அதையே தசம வகை என்று அறிவித்தால், நாமாகக் கேட்டுக்கொள்ளாத வரை கை வைக்காது.

படி 4: பொய் சொல்லும் விதிகள்

இங்கேதான் நான் சறுக்கினேன். விளையாட்டாக ஒரு சின்ன கால்குலேட்டர் மொழி செய்துகொண்டிருந்தேன். ஃபோல்டிங் வேலை செய்த உற்சாகத்தில் இன்னொரு விதி சேர்த்தேன்: எதை 0-ஆல் பெருக்கினாலும் 0. இதில் என்ன தப்பு வரப்போகிறது?

என் மொழியில் 'கேள்()' என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. பயனரிடம் ஓர் எண் வாங்கித் தரும். சோதனைக்கு இப்படி எழுதியிருந்தேன்:

    கேள்() * 0 + கேள்()

7, 5 என்று கொடுத்தால் 5 வரவேண்டும். 7 வந்தது. விதி முதல் கேள்()-ஐ மரத்திலிருந்தே வெட்டி எறிந்துவிட்டது. இரண்டாவது கேள்() முதல் எண்ணை வாங்கிக்கொண்டது. பிழை பார்சரில் இருக்கிறது என்று நம்பி அரை நாள் அங்கேயே தோண்டிக்கொண்டிருந்தேன்.

மதிப்பு தேவையில்லை என்றாலும் கூப்பிட்ட செயல் தேவைப்படலாம். இது ஒன்று. செயல் எதுவும் இல்லாவிட்டாலும் இந்த விதி பிழைதான்: முடிவிலியை 0-ஆல் பெருக்கினால் 0 வராது, 'எண் அல்ல' என்ற தனி மதிப்பு வரும். பைத்தானில் ஒரு பட்டியலை 0-ஆல் பெருக்கினால் காலிப் பட்டியல் வரும். 0-ஐக் கூட்டுவதுகூடச் சாது இல்லை, -0.0 உடன் 0 கூட்டினால் கழித்தல் குறி காணாமல் போய்விடும்.

கணக்குப் போட முடிந்தாலும் போடக் கூடாத இடங்களும் உண்டு. 1 / 0 என்று யாராவது எழுதியிருந்தால் பைத்தான் அதைக் கம்பைல் நேரத்தில் திட்டுவதில்லை, அப்படியே விட்டுவிடும். அந்த வரி ஒருபோதும் ஓடாத கிளையில் இருக்கலாம்; அல்லது பிழை வரவேண்டும் என்றே எழுதியிருக்கலாம். இன்னொன்று அளவு. "அ" * 1000000000 என்பதை முன்கூட்டியே விரித்து வைத்தால் கம்பைல் செய்த கோப்பே ஊதிப்போகும். அதனால் 4096 எழுத்துகளைத் தாண்டும் சரத்தை (எழுத்துகளின் தொடரை) பைத்தான் மடக்குவதில்லை, அதாவது ஃபோல்டிங் செய்வதில்லை.

(உள்ளே போய்ப் பார்க்க விரும்புவோருக்கு: பைத்தானில் இந்த மடக்கல் முன்பு பைட்கோடு மேல், அதாவது கம்பைலர் கடைசியில் உருவாக்கும் கட்டளை வரிசை மேல், நடந்தது. 2018-இல் வந்த 3.7 பதிப்பில் மரத்துக்கு மாறியது. ஒரே விதிக்குப் பல வீடுகள் இருக்கலாம்.)

படி 5: சர்க்கரையைக் கரைப்பது

இதுவரை மரத்தைச் சிறிதாக்கினோம். வேறொரு வகைத் திருத்தம் மரத்தைப் பெரிதாக்கும். நாம் வசதிக்காக எழுதும் சுருக்க வடிவங்களை (இவைதான் சர்க்கரை) அடிப்படை வடிவங்களாக விரிப்பது, டீஷுகரிங் என்பார்கள். கடைசி நிரலை உருவாக்கும் பகுதிக்குத் தெரியவேண்டிய கணு வகைகள் குறைந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜாவாவின் சர ஸ்விட்ச். ஸ்விட்ச் என்பது ஒரு மதிப்பைப் பார்த்துப் பல கிளைகளில் ஒன்றுக்குப் போகும் கூற்று. ஜாவா 7 (2011) முதல் அதில் சரங்களை வைத்துக் கிளை பிரிக்கலாம். கீழே இருக்கும் ஜாவா எந்திரத்துக்கோ சரத்தை வைத்துக் குதிக்கத் தெரியாது, முழு எண்ணை வைத்து மட்டும்தான் தெரியும். கம்பைலர் மரத்தில் என்ன செய்கிறது என்றால், ஒரு ஸ்விட்சை இரண்டாகப் பிரிக்கிறது. முதல் ஸ்விட்ச் சரத்தின் ஹேஷ் எண்ணை (அதன் எழுத்துகளிலிருந்து கணக்கிடும் ஓர் எண்) பார்த்துப் பிரிகிறது. உள்ளே சரம் உண்மையிலேயே அதுதானா என்று ஒப்பிட்டு, 0, 1, 2 என்று ஒரு வரிசை எண்ணைக் குறித்துக்கொள்கிறது. இரண்டாவது ஸ்விட்ச் அந்த வரிசை எண்ணை வைத்து நாம் எழுதிய கிளைக்குப் போகிறது.

அந்த ஒப்பீடு எதற்கு? 'மழை' என்ற சொல்லின் ஜாவா ஹேஷ் எண் 2969282. 'மவன' என்று தட்டினாலும் அதே 2969282தான். கையால் போட்டுப் பார்க்கலாம்: ம 2990, ழ 2996, ஐகாரக் குறி 3016, வ 2997, ன 2985. முதல் எழுத்தை 961-ஆலும் இரண்டாவதை 31-ஆலும் பெருக்கி, மூன்றாவதோடு கூட்டவேண்டும். ழ-விலிருந்து வ-வுக்குப் போனதில் ஏறும் 31, ஐகாரத்திலிருந்து ன-வுக்கு வந்ததில் இறங்கும் 31-உடன் சரியாகிவிடுகிறது. ஹேஷை மட்டும் நம்பியிருந்தால் மழைக்கு எழுதிய கிளையில் 'மவன' புகுந்துவிடும்.

இங்கே வரிசையும் முக்கியம். ஜாவா கம்பைலர் வகைச் சோதனை, பிழைச் சோதனை எல்லாம் முடித்த பிறகே சர்க்கரையைக் கரைக்கிறது. அதனால் பிழைச் செய்தி நாம் எழுதிய ஸ்விட்சைப் பற்றிப் பேசும், நாம் எழுதாத இரண்டு ஸ்விட்சுகளைப் பற்றிப் பேசாது. ரஸ்ட் மொழியில் ஃபார் சுற்று வகைச் சோதனைக்கு முன்பே விரிக்கப்படுகிறது. ஆகவே விரித்த கணுக்களில் "இது ஃபாரிலிருந்து வந்தது" என்று ஓர் அடையாளம் ஒட்டி வைக்கிறார்கள். புதிதாக எழுதுபவர்கள் ஜாவா வழியில் போவது சுலபம்.

படி 6: பைத்தானில் கை நனைப்பது

பைத்தானோடு வரும் ஏஎஸ்டி (ast) மாட்யூல் மரத்தை நம் கையிலேயே கொடுக்கும். பார்ஸ் செய்து டம்ப் செய்தால் திருத்தாத மரம் தெரியும். டிஸ் (dis) மாட்யூலில் பார்த்தால் திருத்தியபின் வந்த பைட்கோடு தெரியும். நம் இரண்டு வரிகளையும் இரண்டிலும் போட்டுப் பாருங்கள். முதல் வரிக்கு 86400 தனியாக நிற்பதைப் பார்ப்பீர்கள்.

சொந்த விதி எழுத 'நோட்ட்ரான்ஸ்ஃபார்மர்' என்ற வகுப்பு இருக்கிறது. பிள்ளைகளை முதலில் திருத்தும்படி அதனிடம் நீங்கள்தான் சொல்லவேண்டும். மறந்தால் உள்ளே இருப்பவை தொடாமலே கிடக்கும். புதிதாக உருவாக்கும் கணுவுக்கு வரி எண்ணும் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் கம்பைல் செய்யும்போது பிழை வரும். அதே மாட்யூலில் விடுபட்ட வரி எண்களை நிரப்பித் தர ஒரு ஃபங்ஷன் உண்டு. ஆனால் பழைய கணுவின் இடத்தைப் புதியதற்கு நகல் எடுப்பதே மேல். பிழை வரும் நாளில் சரியான வரியைக் காட்டும். சோதனைகளை ஓட்டும் பைடெஸ்ட் கருவி, 'இது உண்மையாக இருக்கவேண்டும்' என்று சொல்லும் அசர்ட் வரிகளை இப்படித்தான் மரத்திலேயே திருத்தி, தோற்றால் இரண்டு பக்க மதிப்புகளையும் காட்டுகிறது.

ஒரு பொறி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒருபோதும் நிறைவேறாத நிபந்தனைக்குள் இருக்கும் கிளையை வெட்டுவது பாதுகாப்பானது என்று தோன்றும். பைத்தானில் அந்தக் கிளைக்குள் ஒரு யீல்டு இருந்தால், ஒரு தடவைகூட ஓடாவிட்டாலும், அந்த ஃபங்ஷன் ஜெனரேட்டர்தான் (மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் வகை). மரத்தை நீங்களே முன்கூட்டி வெட்டினால் அது சாதாரண ஃபங்ஷனாகிவிடும்.

படி 7: இரண்டு மரங்களையும் ஓட்டுங்கள்

திருத்தாத மரத்தை நேரடியாக நடந்து விடை சொல்லும் ஒரு சின்ன இன்டர்பிரெட்டரை வைத்துக்கொள்ளுங்கள். இருபது முப்பது வரியில் முடியும். புதிதாக ஒரு விதி சேர்க்கும் ஒவ்வொரு முறையும் பழைய மரம், புதிய மரம் இரண்டுக்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து விடையை ஒப்பிடுங்கள். 3, 10 மாதிரி நல்ல பிள்ளை எண்களைக் கொடுத்தால் எந்த விதியும் மாட்டாது. என் பட்டியலில் இப்போது 0, -0.0, -1, முடிவிலி, 'எண் அல்ல' எல்லாம் இருக்கின்றன. கூடவே, கூப்பிடும் ஒவ்வொரு முறையும் வேறு எண்ணைத் தரும் ஒரு கேள்().